மணலுக்கும் ஒரு எலுமிச்சம்பழம்

போன மாதம் ஒரு தம்பி தொலைபேசியில் கூப்பிட்டான். நான் ஓய்வு பெற்ற மீன்வளத் துறையில் புதிதாகச் சேர்ந்தவன். கடலோரத்தில் ஒரு குப்பம் முழுக்க, வெயில் சூட்டில் கருவாடு காயவைக்கும் பெட்டி கொடுத்திருக்கிறார்களாம். எல்லாரும் சந்தோஷமாக இருக்கிறார்களாம். பெட்டி நல்ல பெட்டி என்று அறிக்கை எழுத வேண்டும், எப்படி ஆரம்பிப்பது என்று கேட்டான். "எதைவிட நல்ல பெட்டி?" என்றேன்.   நல்ல பெட்டிதான் மேடம் என்று மறுபடி ஆரம்பித்தான். பெட்டி கொடுக்காமல் ஒரு வீட்டையாவது விட்டுவைத்தீர்களா என்று கேட்டதற்கு, அது பாவமில்லையா மேடம் என்றான். பாவம்தான். அந்தப் பாவத்தை நாங்கள் எப்படிச் செய்தோம் என்று எழுதிக் கொடுக்கும்படி என் தலையிலேயே கட்டிவிட்டான். எனக்கு எழுத ஆரம்பித்தால் கை நிற்காது, கேட்டவன்தான் அனுபவிக்க வேண்டும்.

என் ஊர் அனுப்பம்பட்டு. விலங்கியல் பட்டம் வாங்கிய கையோடு, எழுபதுகளின் கடைசியில், தற்காலிகக் கள உதவியாளராக வேலை கிடைத்தது. ஆறு மாதப் பயிற்சியில் மூன்று விஷயம் கற்றுக்கொண்டேன்: தராசை மட்டமாக வைப்பது, மீனைப் பார்த்ததும் பேர் சொல்வது, மூக்கைப் பொத்திக்கொள்ளாமல் இருப்பது. பிறகு பழவேற்காட்டில் அப்போதிருந்த ஒரு சின்ன ஆய்வு நிலையத்துக்கு அனுப்பினார்கள். காலையில் ரயிலில் பொன்னேரி, அங்கிருந்து பஸ். சாயங்காலம் திரும்பும்போது பஸ்ஸில் என் பக்கத்து இருக்கை மட்டும் காலியாகவே வரும். திருப்பாலைவனத்தில் ஏறுகிறவர்கள் ஆசையாக வந்து உட்காருவார்கள், இரண்டு மூச்சு இழுப்பார்கள், எழுந்து நின்றுகொள்வார்கள். கருவாட்டு உத்தியோகத்தில் அது ஒரு சலுகை. காலை நீட்டிக்கொண்டு வருவேன்.

நிலையத்தின் பொறுப்பாளர் பெயர் தேவசகாயம். நாகர்கோவில் பக்கத்து மனிதர். கால்சட்டையை முழங்கால் வரை சுருட்டி விட்டிருப்பார். காதுக்கு ஒன்றாக இரண்டு பென்சில். பேனா வைத்துக்கொள்ள மாட்டார், ஏரிக் காற்றின் ஈரத்தில் மை பரவிவிடுமாம். திட்டவே மாட்டார். அதற்குப் பதில் ஒரே ஒரு கேள்வி வைத்திருந்தார்: "எதைவிட?" இன்றைக்கு வெயில் அதிகம் சார் என்றால், எதைவிட? இந்தத் தராசு நல்ல தராசு என்றால், எதைவிட? ஒருநாள் பஸ் நிலையத்து டீக்கடைக்காரர், என் டீ மாதிரி இந்த ஊரில் கிடையாது என்று வாயைக் கொடுத்துவிட்டார். சார் எதிர்க்கடையில் ஒரு டீ வாங்கிவந்தார். இரண்டையும் ஒரே மாதிரி டம்ளரில் ஊற்றி, ஒரே சூட்டுக்கு ஆற்றி, என்னைக் கண்ணை மூடிக்கொள்ளச் சொன்னார். நான் குடித்துவிட்டு, இதுதான் நல்ல டீ என்று ஒரு டம்ளரைத் தூக்கிக் காட்டினேன். எதிர்க்கடை டீ. அந்தக் கடைக்காரர் ஒரு மாதம் எங்களோடு பேசவில்லை. எனக்கோ, விஞ்ஞானம் இவ்வளவு வேடிக்கையானது என்று கல்லூரியில் ஏன் யாரும் சொல்லவில்லை என்று ஆத்திரமாக வந்தது.

இனி விஷயத்துக்கு வருகிறேன். தோணிரேவைத் தாண்டி ஏரி ஓரமாக ஒரு குப்பம். பேர் சொல்ல மாட்டேன். படித்துவிட்டுச் சண்டைக்கு வர அங்கே இன்னும் ஆள் இருக்கிறது. அங்கே பெண்கள் காரப்பொடி மீனை மணலில் பரப்பிக் காயவைப்பார்கள். உள்ளங்கையில் நாலைந்து அடங்கும் வெள்ளை மீன், காய்ந்தால் மொறுமொறுவென்றிருக்கும். ஆனால் மணலில் காய்ந்தது குழம்பிலும் மணலாகவே இருக்கும். மழைக்காலத்தில் கீழிருந்து ஈரம் ஏறிப் புழு வைத்துவிடும். முந்தின ஐப்பசியில் அந்தக் குப்பத்துச் சரக்கு மொத்தமும் புழுத்துப்போய், கூடை கூடையாகக் குழி தோண்டிப் புதைத்திருந்தார்கள். சார் இடுப்பு உயரத்துக்கு மூங்கில் கால் வைத்து, மேலே பழைய வலையை இழுத்துக் கட்டி, ஒரு பரண் செய்யச் சொன்னார். மீன் மேலே, காற்று கீழே. சென்னை மேலதிகாரி ஆறு பரணுக்குத்தான் அனுமதி கொடுத்தார். பரணால் பலன் உண்டு என்று அந்தப் பருவத்துக்குள் காட்டினால், மழைக்கு முன்னால் எல்லா வீட்டுக்கும் பரண் வரும். காட்டாவிட்டால் இந்த ஆறும் வேறு மாவட்டத்துக்குப் போய்விடும். அதனால் எங்கள் கருவாட்டுக் கணக்கில் ஒரு குப்பத்தின் மழைக்காலம் தொங்கிக்கொண்டிருந்தது.

பன்னிரண்டு வீடுகளைத் தேர்ந்தெடுத்து, சீட்டுக் குலுக்கிப் போட்டோம். ஆறு வீட்டுக்குப் பரண், ஆறு வீட்டுக்குப் பழைய மணல். சார் சொன்ன விதிகளை நான் இன்றைக்கும் தூக்கத்தில் ஒப்பிப்பேன். ஒரே வலையில் வந்த மீன், ஒரே நாள், ஒரே எடை. ஒரே கிணற்றுத் தண்ணீரில் இரண்டு தரம் கழுவ வேண்டும். ஒரு மீன் மேல் இன்னொரு மீன் படக்கூடாது. ஒரு நாளைக்கு மூன்று தரம் புரட்ட வேண்டும். பரண் மட்டும்தான் மாறலாம், வேறெதுவும் மாறக்கூடாது. இரண்டு விஷயம் சேர்ந்து மாறினால் எது செய்த வேலை என்று சாமியாலும் சொல்ல முடியாது என்பார். காய்ந்தபின் நூறு கிராம் கருவாட்டைக் கண்ணாடிக் குடுவையில் தண்ணீர் ஊற்றிக் குலுக்க வேண்டும். மீனை எடுத்துவிட்டு அரைமணி காத்திருந்தால் மணல் அடியில் படியும். அதை வடிதாளில் பிடித்து, உலர்த்தி, நிறுத்து எழுத வேண்டும். செவ்வாயும் வெள்ளியும் நான் போய் மாதிரி எடுத்து வருவேன்.

நாலு வாரம் கழித்துக் கணக்குப் போட்டோம். பரண் வீட்டுக் கருவாட்டிலும் மணல், மணல் வீட்டுக் கருவாட்டிலும் மணல். ஏறக்குறைய ஒரே அளவு. தரையில் இருந்து மூன்றடி உயரத்தில் காய்ந்த மீனுக்குள் மணல் எப்படி ஏறியது? சார் கணக்கை மூன்று தரம் திருப்பிப் போட்டார். என்னையும் ஒரு பார்வை பார்த்தார். மாதிரிப் பைகளில் பெயர்ச்சீட்டை மாற்றி ஒட்டிவிட்டேனோ என்று அவருக்குச் சந்தேகம். எனக்கும்தான். 

மறுநாள் புதன்கிழமை. மாதிரிப் பைகள் சிலவற்றைக் குப்பத்திலேயே மறந்து வைத்திருந்தேன், எடுக்கப் போனேன். என்னை யாரும் எதிர்பார்க்கவில்லை. நடுத்தெருவில் ஒரு பரண் நடந்து வந்துகொண்டிருந்தது. முன்னால் இரண்டு பெண்கள், பின்னால் இரண்டு பெண்கள், சாமி புறப்பாடு மாதிரி தோளில் தூக்கிக்கொண்டு, மேலே மீன் சரியாமல் மெல்ல அடிவைத்து வருகிறார்கள். என்னைப் பார்த்ததும் நாலு பேரும் அப்படியே நின்றுவிட்டார்கள். இறக்கவும் முடியாது, ஓடவும் முடியாது. நான் சிரிப்பை அடக்கப் பார்த்து, முடியாமல், அங்கேயே மணலில் உட்கார்ந்துவிட்டேன்.

முன்கால் பிடித்திருந்தவள் எல்லம்மா. என்னைவிட ஏழெட்டு வயது மூத்தவள், புருஷன் முகத்துவாரத்தில் வலை போடுகிறவன். அக்கா என்றுதான் கூப்பிடுவேன். மணல் குழுவில் இருந்தவள். நடந்தது இதுதான்: பரண் ஒரு நாள் பரண் வீட்டில், மறுநாள் மணல் வீட்டில். செவ்வாயும் வெள்ளியும் விடிவதற்குள் சொந்த வீட்டுக்குத் திரும்பிவிடும். இதற்குமேல், நிறுக்கக் கொடுப்பதற்கு முன் இரண்டு வீட்டு மீனையும் ஒன்றாகக் கொட்டிக் கலந்து பாதிப் பாதி பிரித்துக்கொண்டிருக்கிறார்கள். ஏன் அக்கா இப்படி என்று கேட்டேன். கேள்வியே அவளுக்குப் புரியவில்லை.

"இந்த ஏரியில நல்ல எடமும் கீது, கெட்ட எடமும் கீது. ஒர்த்தனே நல்ல எடத்துல குந்திக்கினா மத்தவன் இன்னா பண்ணுவான்? அதான் எங்க நைனா காலத்துக்கு முன்னாலருந்தே பாடு வெச்சிக் கீறாங்க. சீட்டுப் போட்டு, இன்னிக்கி ஒனக்கு, நாளைக்கி எனக்குனு எடம் மாறிக்கினே போவும். ஒங்க சாரு பெரிய மனுசன், ஆறு பேருக்குக் குடுத்துட்டு ஆறு பேர வுட்டுட்டாரு. தெரியாம பண்ட்டாரு, பாவம். நாங்க சரி பண்ணிக்கினோம்."

எங்கள் தப்பை எங்களுக்குத் தெரியாமல் திருத்திக்கொண்டிருந்திருக்கிறார்கள்! நேர்மை கெட்டு அல்ல, நேர்மை முற்றிப்போய்.

பயந்துகொண்டேதான் சாரிடம் சொன்னேன். அவர் ஒரு காதுப் பென்சிலை எடுத்தார், திரும்ப வைத்தார், பிறகு சிரிக்க ஆரம்பித்தார். அந்த மனிதர் சிரித்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. கண்ணீர் வரச் சிரித்தார். அடுத்த பஸ்ஸைப் பிடித்துக் குப்பத்துக்கு வந்து, கரையில் கவிழ்த்திருந்த படகின் மேல் உட்கார்ந்து, அந்தப் பாடு முறையைப் பற்றி இரண்டு மணி நேரம் கேட்டார். எத்தனை இடம், எத்தனை வலை, யார் எப்போது மாறுவது. எல்லா வலையும் எல்லா இடத்திலும் நின்று வருவதால், இடத்தின் மேல் பழிபோட முடியாது, கெட்டிக்கார வலை எதுவென்று தானாகத் தெரிந்துவிடும் என்று ஒரு பெரியவர் சொன்னார். இதை விளக்கப் புள்ளியியல் புத்தகத்தில் ஒரு பக்கம் முழுக்கக் கட்டம் போட்டிருக்கிறான், எனக்கே அரைகுறையாகத்தான் புரிந்தது என்று சார் ஒப்புக்கொண்டார்.

வழியையும் எல்லம்மாதான் சொன்னாள். வீட்டைப் பிரிக்காதே, கூடையைப் பிரி. ஒவ்வொருத்தியும் பாதி மீனை மேலே போடட்டும், பாதியைக் கீழே போடட்டும். இரண்டு வீட்டுக்கு நடுவில் ஒரு பரண். யாருக்கும் குறையில்லை, ஒப்பிடவும் பக்கத்திலேயே ஆள் இருக்கிறது. சார் அவளைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தார். அவர் யாரையும் அப்படிப் பார்த்ததில்லை. எனக்குக் கொஞ்சம் பொறாமையாகக்கூட இருந்தது.

இரண்டாவது சோதனை ஆரம்பமானது. இந்தத் தடவை நான் தினமும் போனேன். ஒருநாள்கூட வம்பில்லாமல் போகவில்லை. முதல் நாளே பார்க்கிறேன், கொழுத்த மீனெல்லாம் பரணில், நோஞ்சானெல்லாம் மணலில். மேலே போகிறது நல்லதாக இருக்க வேண்டாமா என்கிறார்கள். சரி, மீனைக் கலந்து இரண்டு கூடையாக நிறுத்து வைத்து, ஒரு பையில் ஒரு வெள்ளைச் சிப்பியும் ஒரு கறுப்புச் சிப்பியும் போட்டு, எந்தக் கூடை மேலே என்று பார்க்காமல் எடுக்கச் சொன்னோம். சீட்டு என்றால் அவர்கள் தலை வணங்குவார்கள். அதற்குப் பிறகு யாரும் முணுமுணுக்கவில்லை.

மூன்றாம் நாள், காக்கை பரணில் உட்கார்ந்தால் பன்னிரண்டு பேரும் கத்துகிறார்கள், மணலில் உட்கார்ந்தால் ஒருத்தியும் அசையவில்லை. விரட்டினால் இரண்டிலும் விரட்டு, இல்லாவிட்டால் இரண்டிலும் விடு என்று நான் தொண்டை கிழியக் கத்தினேன். காக்கைக்கு அடுத்தபடி அந்தக் குப்பத்தில் அதிகம் கத்தியது நான்தான்.

ஐந்தாம் நாள் ஒரு பரணில் எலுமிச்சம்பழமும் மிளகாயும் கோத்துத் திருஷ்டிக்குத் தொங்கவிட்டிருந்தார்கள். நான் அவிழ்க்கப் போனேன். சார் தடுத்தார். அவிழ்த்தால் மனம் புண்படும், விட்டால் பரணோடு எலுமிச்சம்பழமும் சேர்ந்து மாறுகிறது. நாளைக்குப் பலன் வந்தால் எலுமிச்சம்பழத்தால் வந்தது என்று ஒருத்தி சொன்னால் மறுக்க நம்மிடம் என்ன இருக்கிறது என்று என்னிடமே கேட்டார். பிறகு தெருக்கோடிக் கடைக்குப் போய், எலுமிச்சம்பழமும் மிளகாயும் அவரே வாங்கிவந்து, அவரே ஊசியில் கோத்து, மணல் பக்கம் ஒரு குச்சி நட்டு அதில் தொங்கவிட்டார். மற்ற ஐந்து இடத்திலும் அதே போல, மேலே ஒன்று, கீழே ஒன்று. சிலுவை போட்ட நாகர்கோவில் வேதக்காரர், முட்டி போட்டு மணலுக்குத் திருஷ்டி கழித்துக்கொண்டிருந்த அந்தக் காட்சியைப் பார்க்கக் குப்பமே கூடிவிட்டது. அன்றிலிருந்து எங்கள் வேலையை யாரும் சந்தேகப்படவில்லை.

பருவ முடிவில் சென்னையிலிருந்து மேலதிகாரி வந்தார். குடுவைக் கணக்கு மட்டும் போதாது, சரக்கு வாங்குகிறவன் சொல்ல வேண்டும் என்று சார் பிடிவாதம் பிடித்தார். பழவேற்காட்டில் தலைமுறை தலைமுறையாகக் கருவாட்டு வியாபாரம் செய்யும் கரீம் பாயை அழைத்திருந்தோம். இருபத்து நான்கு பொட்டலம், ஒவ்வொன்றின் மேலும் ஒரு எண், வேறொன்றும் இல்லை. எந்த எண் யார் வீடு, மேலா கீழா என்ற தாள் மேலதிகாரியின் சட்டைப்பையில், ஒட்டிய உறையில் இருந்தது. எனக்கும் தெரியாது, சாருக்கும் தெரியாது. எண் போட்டது மேலதிகாரியின் டிரைவர்.

கரீம் பாய் பாய்போட்டு உட்கார்ந்தார். ஒரு பொட்டலத்தை எடுப்பார், முகருவார், ஒரு மீனை ஒடித்து அந்தச் சத்தத்தைக் கேட்பார், விரலுக்கு நடுவில் தேய்ப்பார். நல்லது வலப்பக்கம், மட்டம் இடப்பக்கம். பன்னிரண்டு பெண்களும் சுற்றி நின்றார்கள்.  முடிந்ததும் உறையைக் கிழித்தார்கள். வலப்பக்கம் பதின்மூன்று பொட்டலம். பன்னிரண்டும் பரண்! பதின்மூன்றாவது மட்டும் மணல். அது எல்லம்மாவுடையது.

கேட்டதற்கு அவள் வெட்கப்படவே இல்லை. மணல் மீனை ஒவ்வொன்றாக எடுத்து முந்தானையால் துடைத்து வைத்திருக்கிறாள். தன் வீட்டுச் சரக்கை மட்டம் என்று பாய் சொன்னால் தெருவில் எப்படி நடப்பது என்றாள். சார் அதையும் அப்படியே அறிக்கையில் எழுதினார், துடைத்தது உட்பட. நான் குதிக்காத குறை. மேலதிகாரி அங்கேயே எல்லா வீட்டுக்கும் பரண் என்று கையெழுத்துப் போட்டார்.

போட்டுவிட்டு ஒரு வார்த்தையும் சொன்னார். இது வெயில் காலத்துப் பலன். மழையிலும் பரண் நிற்கும் என்று காட்டினால்தான் ஏரியைச் சுற்றியுள்ள மற்றக் குப்பங்களுக்கும் கொடுக்க முடியும்.

அங்கேதான் சிக்கல். மழைக்குக் கூடையைப் பிரிக்கிற வித்தை செல்லாது. தூறல் விழுந்ததும் ஒருத்தி முதலில் எதைக் காப்பாற்ற ஓடுவாள்? பரணையா, மணலையா? எது முதலில் என்பதே பலனை மாற்றிவிடும். ஆகவே மழை முழுக்க மூன்று வீடாவது மணலில் மட்டுமே காயவைக்க வேண்டும். கையெழுத்தான பரணைக் கண்ணெதிரில் வைத்துக்கொண்டு, தொடாமல். போன வருஷம் குழி தோண்டிப் புதைத்தவர்களிடம் இதை எப்படிக் கேட்பது? சார் என்னைக் கேட்கச் சொன்னார். நீங்களே கேளுங்கள் சார் என்று நழுவிவிட்டேன். கடைசியில் அவரே, தலையைக் குனிந்துகொண்டு, கட்டாயம் இல்லை என்று நாலு தரம் சொல்லி, விஷயத்தைச் சொல்லி முடித்தார்.

 எல்லம்மாதான் எழுந்தாள்.

"எல்லாரும் மேல ஏறிக்கினா, மேல இருக்கறது நல்லதுனு எத்த வெச்சி சொல்லுவ? யாராவுது கீய நிக்கணும் இல்ல. எம்பேர எய்திக்கோ. இந்தவாட்டி தொடைக்க மாட்டேன்."

அவளுக்குப் பின்னால் இன்னும் இரண்டு கை எழுந்தது.  சார் பேரை எழுதிய பென்சில் முனை இரண்டு தரம் உடைந்தது.

அந்த வருஷம் மழைக்குக் குறைவில்லை. ஐப்பசி, கார்த்திகை இரண்டு மாதமும் குடையோடு போய்வந்தேன். மற்ற வீட்டுப் பரண்களில் ஓலைப் பாயால் மூடிய மீன் கலகலவென்று காய்ந்தது. எல்லம்மா மணலில் பரப்புவாள், தூறினால் அதே மாதிரி ஓலைப் பாயால் மூடுவாள், விட்டால் திறந்து புரட்டுவாள். விதி எதையும் மீறவில்லை. ஒரு மீனைக்கூடத் துடைக்கவில்லை. மழை நின்றபின் கடைசி நிறுவைக்குப் போனேன். இரண்டு கூடை வைத்திருந்தாள். முதல் கூடையைத் தராசில் ஏற்றினேன். பாதிக்கு மேல் புழு. எண்ணி, பிரித்து, நிறுத்து, எழுதினேன். இரண்டாவது கூடை துணியால் மூடியிருந்தது. திறந்தால், வெள்ளை வெளேரென்று பரண் கருவாடு. குப்பத்துப் பெண்கள் வாரா வாரம் ஒவ்வொருத்தியாக வந்து கை நிறையப் போட்டுவிட்டுப் போயிருக்கிறார்கள். பழக்கதோஷத்தில் அதையும் தராசுப் பக்கம் இழுத்தேன். அவள் கூடையின் மேல் கையை வைத்துக்கொண்டாள்.

"இத்த எய்தாத. இது எங்க வூட்டுக் கொயம்புக்கு. கலந்துட்டா மத்த குப்பத்துக்காரிங்களுக்குப் பரண் வராது."

மறுவருஷம் ஏரியைச் சுற்றி எல்லாக் குப்பத்திலும் பரண் ஏறியது. அந்த இரண்டாவது கூடை எந்தப் பதிவேட்டிலும் இல்லை. இன்றைக்குத்தான் முதல் தடவையாக எழுதுகிறேன்.